முயல்மேட்டுக்கு உதவ வந்த யானை

காட்டின் ஓரத்தில் ஒரு குட்டை இருந்தது. குட்டைக்கு மேலே சரளைக்கல் நிறைந்த ஒரு மேடு. அந்த மேட்டில் முயல்கள் கூட்டமாக வாழ்ந்தன.

மேட்டில் புல் சரியாக முளைக்காது. பசித்தால் பக்கத்தில் ஓடிய ஓடையைத் தாண்டி அக்கரைக்குத்தான் போக வேண்டும். அக்கரைப் புதரில் ஒரு நரி குடியிருந்தது. மேயப் போன முயல்களில் சில திரும்பி வருவதே இல்லை.

அப்படித் திரும்பாமல் போனவர்களில் பூவரசி என்ற முயலின் தங்கையும் ஒருத்தி. பூவரசி பல நாள் வளையை விட்டு வெளியே வரவில்லை. பிறகு ஒரு காலையில் எழுந்து குட்டைக்கரைக்குப் போனாள். வெள்ளத்தில் அடித்துவந்த சர்க்கரைவள்ளிக் கொடி ஒன்று அங்கே ஒதுங்கி வேர்விட்டிருந்தது. அதைக் கவ்வி இழுத்துக்கொண்டு மேட்டுக்கு வந்தாள்.

"இதை இங்கேயே நட்டு வளர்ப்போம்! இலையும் கிடைக்கும், கிழங்கும் கிடைக்கும். யாரும் ஓடையைத் தாண்ட வேண்டாம்!" என்றாள்.

தாண்டவன் என்ற ஆண் முயல் விழுந்து விழுந்து சிரித்தான். "கல்லுல கிழங்கா! உனக்கு வேற வேலை இல்லையா, தாயி?"

பூவரசி வேலையைத் தொடங்கினாள். கல்லைப் பொறுக்கினாள். மண்ணைக் கிளறினாள். வேடிக்கை பார்க்க வந்த குட்டிகளை நெல்லி மரத்தடியில் உட்காரவைத்து, கொடியின் கணு மண்ணுக்குள் போனால்தான் வேர் பிடிக்கும் என்று சொல்லிக்கொடுத்தாள். எந்த இலை வயிற்றைக் கெடுக்கும், நரி வாடை எந்தக் காற்றில் வரும் என்பதையும் சொல்லிக்கொடுத்தாள். நாளடைவில் அது ஒரு பள்ளிக்கூடமாகவே ஆகிவிட்டது. வளைக்கு முன்னால் ஒரு சின்னப் பாத்தி பச்சை பிடித்தது.

அந்தக் கோடையில் மலையாண்டி என்ற யானை தண்ணீர் குடிக்கக் குட்டைக்கு வந்தான். உருவம் எவ்வளவு பெரிதோ, அவ்வளவு இளகிய மனசு அவனுக்கு. எலும்பும் தோலுமாக இருந்த ஒரு முயல்குட்டியைப் பார்த்ததும் அவன் கண்ணில் நீர் பொங்கியது. கீழே விழுந்த ஒரே சொட்டில் குட்டி முழுசாக நனைந்துபோனது.

"ஐயோ, அழாதீங்க! எனக்குக் குளிருது!" என்று கத்தியது குட்டி.

"இனி இந்த மேட்டுல யாருக்கும் பசியே வராது! நான் இருக்கேன்!" என்றான் மலையாண்டி.

சொன்னபடி செய்தான். தினமும் பெரிய காட்டிலிருந்து புல்லும் தழையும் கட்டுக் கட்டாகக் கொண்டுவந்து கொட்டினான். முயல்கள் துள்ளிக் குதித்தன. "யானை அண்ணன் வாழ்க!" என்று கூவின. வயிறு நிறையத் தின்றுவிட்டு நிழலில் தூங்கின.

நெல்லி மரத்தடி காலியானது. "எதுக்கு அக்கா படிக்கணும்? அதான் சாப்பாடு வருதே!" என்றன குட்டிகள். தழைக்கட்டு வந்து விழுந்த இடத்தில் பாதிப் பாத்தி நசுங்கிப்போனதை யானை கவனிக்கவே இல்லை. பூவரசி மட்டும் மிச்சமிருந்த கொடிகளுக்கு வாயில் தண்ணீர் மொண்டு வந்து ஊற்றினாள்.

கொஞ்ச காலத்தில் யானைக்கூட்டம் வேறு மலைக்குக் கிளம்பியது. மலையாண்டியும் போகத்தான் வேண்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டே போனான்.

மேட்டில் பசி திரும்பியது. அதுவரை தின்று பழகிய வயிறு முன்னைவிட அதிகமாகக் கேட்டது. தாண்டவன் தன் மகளைக் கூட்டிக்கொண்டு ஓடையைத் தாண்டினான். புதர் அசைந்தது. நரி பாய்ந்தது! தாண்டவன் மகளை ஓடைக்குள் தள்ளிவிட்டுத் தானும் குதித்தான். உயிர் தப்பியது. ஆனால் அவனது ஒரு காதில் பாதி நரியின் வாயோடு போய்விட்டது.

ரத்தம் வழிய வந்தவனைப் பூவரசி தன் வளைக்குள் படுக்கவைத்தாள். பாத்தியில் மிச்சமிருந்த இலைகளைப் பறித்து அப்பனுக்கும் மகளுக்கும் கொடுத்தாள்.

"அன்னிக்குச் சிரிச்சேனே, பூவரசி. அதைச் சொல்லி நாலு திட்டு திட்டிடு!" என்றான் தாண்டவன்.

"திட்டுறதுக்கு நேரமில்ல, அண்ணே. காது ஆறினதும் கல்லுப் பொறுக்க வாங்க. அது போதும்" என்றாள் அவள்.

அவன் வந்தான். அவனைப் பார்த்து மற்ற முயல்களும் வந்தன. நெல்லி மரத்தடியில் குட்டிகளின் சத்தம் மறுபடி கேட்டது. பாத்தி மெல்ல மெல்ல நீண்டது.

மழைக்குப் பின் மலையாண்டி திரும்பி வந்தான். தும்பிக்கை கொள்ளாத தழையோடு, "வந்துட்டேன்!" என்று பிளிறினான். யாரும் ஓடி வரவில்லை. எல்லோரும் பாத்தியில் குனிந்திருந்தார்கள். யானையின் முகம் வாடிவிட்டது.

"என்னை மறந்துட்டீங்களா?" என்று கேட்டான்.

பூவரசி ஓடிவந்து அவன் காலைக் கட்டிக்கொண்டாள். "உங்களை மறப்போமா, அண்ணே! உங்க மனசு பெரிசு. ஆனா நீங்க ஊட்டிவிட்டீங்க, நாங்க உழைக்கிறதை விட்டுட்டோம். நீங்க போனதும் தாண்டவன் அண்ணன் காது போச்சு."

மலையாண்டி தாண்டவனின் அறுந்த காதைப் பார்த்தான். கொண்டுவந்த தழையைக் கீழே இறக்கி வைத்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்: "சரி, தங்கச்சி. நான் என்ன செய்யட்டும்? நீயே சொல்லு."

"குட்டை அடியில நல்ல வண்டல் கிடக்கு. எங்களால எடுக்க முடியாது. அதை அள்ளிப் பாத்தியில போடுங்க. ராத்திரி பன்றி வந்து கிளறுது. முள்ளுக்கிளையை இழுத்து வந்து வேலி கட்டிக் கொடுங்க."

"அவ்வளவுதானா?"

"அதுவே எங்களுக்கு மலை மாதிரி வேலை, அண்ணே!"

அன்றிலிருந்து மலையாண்டி வண்டல் அள்ளினான், வேலி கட்டினான். எதைச் செய்வதற்கு முன்னும் "எங்கே போடட்டும், தங்கச்சி?" என்று கேட்டான். ஓய்வு நேரத்தில் பள்ளிக்கூடத்துக்கும் வந்து உட்கார்ந்தான்.

"அண்ணே, முன்னாடி உட்காராதீங்க! மறைக்குது!" என்று குட்டிகள் விரட்டின. அவன் பின்வரிசைக்குப் போனான். தும்பிக்கையால் ஒரு கொடியை நடப் பார்த்தான். தலைகீழாக நட்டுவிட்டான்! குட்டிகள் உருண்டு உருண்டு சிரித்தன. அவனும் வயிறு குலுங்கச் சிரித்தான்.

அடுத்த கோடையில் வேலிக்குள் இலை அடர்ந்து கிடந்தது. மண்ணைக் கிளறினால் சிவந்த கிழங்குகள். அந்த ஆண்டு ஒரு முயல்கூட ஓடையைத் தாண்டவில்லை. நரி காத்துக் காத்துப் பார்த்துவிட்டு வேறு காட்டுக்குப் போய்விட்டது.

யானைக்கூட்டம் கிளம்பும் காலம் மறுபடி வந்தது. இந்த முறை மேட்டில் யாருக்கும் பயமில்லை. "பத்திரமாப் போயிட்டு வாங்க, அண்ணே!" என்று குட்டிகள் கையசைத்தன.

மலையாண்டி போய்ச் சேர்ந்த மலையடிவாரத்தில் மான்கள் மெலிந்துபோய் நின்றன. ஒரு கிழமான் அவன் முன்னால் வந்து, "ஐயா, நீங்கதான் எங்களைக் காப்பாத்தணும்!" என்று கும்பிட்டது.

மலையாண்டியின் கண் கலங்கியது. தும்பிக்கை பக்கத்து மரக்கிளையை ஒடிக்கப் போனது. பாதி வழியில் நிறுத்திக்கொண்டான்.

"ஏதாவது செய்யணும்னு உங்கள்ல யாராவது ஏற்கெனவே முயற்சி பண்ணிட்டிருக்காங்களா?" என்று கேட்டான்.

மான்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. "வேற யாரு, அந்தச் செங்காந்திதான். விதை தூவுறேன்னு பாறைப்பக்கம் தனியாச் சுத்திட்டிருக்கா. நாங்க யாரும் அவளைக் கண்டுக்கிறதில்லே" என்றது ஒரு மான்.

"முதல்ல அவகிட்ட என்னைக் கூட்டிட்டுப் போங்க!" என்று சொல்லிவிட்டு, மலையாண்டி பாறைப்பக்கம் நடக்கத் தொடங்கினான்.

ஓர் ஊருக்கு உதவ நினைப்பவர், அந்த ஊருக்காக ஏற்கெனவே உழைப்பவரைத் தேடிப்பிடித்து அவர் கையைப் பலப்படுத்தினால், தாம் விட்டுப்போன பிறகும் அந்த ஊர் தன் காலிலேயே நிற்கும்.