பூசை என்ற சொல்லுக்குக் கசையடி

கடலோரக் கொன்றைநாட்டை முன்னொரு காலத்தில் சேந்தமாறன் என்னும் அரசன் ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் நாகரிகம் என்றால் நாக்கில் இருப்பது என்று நம்பியவன். தன் பூனைக்கு ‘மார்ஜாலபூபதி’ என்று பெயர் சூட்டியிருந்தான். பெயரைத் தேடிக் கொடுத்தவர் அவைப்புலவர் சர்வபூஷணர். அந்தப் பெயருக்குப் பூனை ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

ஒருநாள் அரண்மனை வாயிலில், தென்கரையிலிருந்து வந்த மீன்காரி இசக்கியின் கூடையில் பூபதி பாய்ந்தது. அவள், “ஏ பூசை! ஓடு அங்கிட்டு!” என்று கத்தினாள். சர்வபூஷணர் அவளை அவைக்கு இழுத்துவரச் செய்தார்.

“அரசே, தங்கள் செல்லத்துக்கு இவள் பூசை கொடுப்பாளாம். அடிப்பேன் என்கிறாள்!”

“அய்யோ ராசா! எங்க ஊர்ல பூனைக்குப் பேரே பூசைதான்,” என்று இசக்கி அழுதாள்.

“கடவுளுக்குச் செய்வது பூசை, கள்ளனுக்குக் கொடுப்பது பூசை. பூனைக்கு ஏதம்மா பூசை? அப்படியொரு சொல்லே தமிழில் கிடையாது!” என்று புலவர் சிரித்தார். அவையும் சிரித்தது.

“கசையடி,” என்றான் அரசன்.

அமைச்சர் வில்லவராயர் எழுந்தார். “அப்படியானால் இன்னொருவரையும் அடிக்க வேண்டும், அரசே. இதே சொல்லால் அரச குலத்தவர் ஒருவரையே அழைத்தவர் இந்த அரண்மனையில் இருக்கிறார்.”

“யாராயிருந்தாலும் கசையடிதான்!”

“இரட்டிப்பாக!” என்றார் புலவர்.

அமைச்சர் சைகை காட்டினார். காவலர் அழைத்துவந்தது அரசனின் தாயை. அவளும் தென்கரையில் பிறந்தவள். அவள் பேச்சைக் கேட்டு அவை நகைக்கும் என்று அஞ்சி, முடிசூடிய நாள்முதல் அவளை அவைப்பக்கமே வரவிடாதவன் சேந்தமாறன்.

அவள் மகனைக் கண்டதும் முகம் மலர்ந்தாள். “எய்யா, என் பூசைக்குட்டி! இப்பமாவது அம்மைய நெனச்சியே!”

ஒருவரும் சிரிக்கவில்லை. அரசன் தலை கவிழ்ந்தது.

“கசையை யாரிடம் கொடுக்கட்டும், அரசே?” என்றார் அமைச்சர் மெல்ல.

அரசன் அரியணையிலிருந்து இறங்கினான். தாயின் கண்களைப் பார்க்க அவனுக்குத் துணிவில்லை. “என்னைக் கொஞ்சிய சொல்லை மறந்தேன், அம்மா. அதைச் சொன்ன இந்த மீன்காரியை அடிக்கவும் துணிந்தேன். அதைவிட, உன்னையே ஒளித்துவைத்தேன்,” என்றான். தன் பேச்சுக்காக மகன் வெட்கியதைத் தாய் அப்போதுதான் உணர்ந்தாள்; முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். கசையடியை விட அது அவனுக்கு அதிகம் வலித்தது.

இசக்கி விடுவிக்கப்பட்டாள். சர்வபூஷணர் நாள்தோறும் வாயிலில் நின்று, “பூசை, பூசை” என்று கூவிப் பூனையை அரண்மனைக்குள் அழைக்க வேண்டும் என்று ஆணை பிறந்தது. முதல் அழைப்பிலேயே பூனை ஓடிவந்து அவர் காலில் உரசியது. அமைச்சருக்கு அரசன் தன் முத்துமாலையை அணிவித்தான். பிறகு தாயின் கையைப் பற்றித் தன்னருகே அமர அழைத்தான். அவள் உடனே வரவில்லை. அவன் காத்து நின்றான்.

அன்பர்களே, பிறர் பேச்சை இழிவென்று எள்ளும்முன் சற்று நின்று எண்ணுங்கள். நம்மை முதன்முதல் கொஞ்சியவர்கள் எந்த ஏட்டைப் பார்த்துக் கொஞ்சினார்கள்?