செவலை அடக்கிய நடுக்கம்

ஆடுமாடெல்லாம் வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், செவலை என்று ஒரு வெள்ளாடு இருந்தது. அப்போதுதான் ஒரு குட்டி போட்டிருந்தது. குட்டிக்குப் புல் கடிக்கத் தெரியாது. தாய் மடிதான் கதி.

ஊர்க் கோயிலில் தை மாதக் கொடைத் திருவிழா வந்தது. பலி கொடுப்பதில் கிடா, தாயாடு என்ற பேதமெல்லாம் அன்று கிடையாது. பூசாரி மாடப்பன் விடிகாலையில் வந்து செவலையைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனார். கோயில் முன்னே கூட்டம் கூடியிருந்தது, அரிவாளும் தயாராக இருந்தது. வேறு ஆடாக இருந்தால் கத்தித் தீர்த்திருக்கும். செவலை நிமிர்ந்து நின்று கேட்டது:

“பூசாரியாரே, உசுரு என்னுது. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

கொட்டுச் சத்தம் பட்டென்று நின்றது. அதுவரை எந்த ஆடும் அப்படிக் கேட்டதில்லை. என்ன தைரியம் பாருங்கள்!

மாடப்பன் தலையைச் சொறிந்தார். “சரி, கேட்டுடுவோம். உன் மேல தண்ணி தெளிப்பேன். உடம்பைத் துலுக்கினா சம்மதம். துலுக்கலைன்னா உன் குட்டிகிட்டப் போயிடு.”

அவருக்குத் தெரியாதா? ஈரம் பட்டால் எந்த ஆடுதான் உதறாமல் இருக்கும்! பனி கொட்டும் நேரம் வேறு. செவலைக்கும் அது தெரியும். ஆனாலும் “தெளிங்க” என்றது.

முதல் சொம்பு முதுகில் விழுந்தது. தோலுக்கடியில் நடுக்கம் ஓடிவந்தது. ‘இப்போ வேண்டாம், அப்புறம் வா’ என்று செவலை அதை உள்ளேயே நிறுத்தியது. அடுத்த சொம்பைக் காதுக்குள் ஊற்றினார். ஐயோ, அதுதான் கொடுமை! தூரத்தில் குட்டி பசியில் கத்தியது. மடி கனத்து வலித்தது. செவலை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. கண்ணீர் வழிந்ததே தவிர, உடம்பில் ஒரு மயிர் அசையவில்லை.

குடம் காலியானது. வெயிலும் ஏறிவிட்டது. மாடப்பன் கையெடுத்துக் கும்பிட்டார்.

“போ தாயி. இனிமே தாயாட்டை இந்த வாசலுக்குக் கொண்டுவர மாட்டோம்.”

செவலை ஓடவில்லை, நடந்தே போனது. குட்டி பாய்ந்து வந்து மடியை முட்டியது. அது குடிக்கக் குடிக்க, உச்சி வெயிலில் தாயின் உடம்பு வெடவெடவென்று நடுங்கத் தொடங்கியது.

“ஏம்மா, குளிருதா? காய்ச்சலா?”

“ஒண்ணுமில்லடா. காலையிலயே வந்துச்சு. நான்தான் அப்புறம் வரச் சொன்னேன். நீ குடி.”

அந்த நடுக்கம் பாலோடு கலந்தது. குட்டி குடித்த மிச்சத்தை, ஆட்டை வளர்த்த வீட்டு மனுசரும் கறந்து குடித்தார்கள். கிடாயின் மேல் தண்ணீர் தெளித்து அது துலுக்கும்வரை காத்து நிற்பது அன்று தொட்டுத்தான். குளிரும் இல்லாமல், காய்ச்சலும் இல்லாமல் நம் உடம்பு திடீரென்று நடுங்கி ஓய்வதும் அன்று தொட்டுத்தான். யாருக்காகவோ கலங்காமல் நின்றபோது நாம் அப்புறம் வரச் சொன்னது, தேடி வந்திருக்கிறது.