எட்டுப் போட்ட செபஸ்தி

செபஸ்திக்கு பார்சல் கம்பெனியில வேலை ரெடி. இன்னிக்கு லைசென்ஸ் டெஸ்ட்டுல பாஸாகலேன்னா அது வேற ஆளுக்கு. புது பைக்கோட மைதானத்துக்கு வந்து நின்னான்.

பிரேக் இன்ஸ்பெக்டர் மீசைய நீவினாரு. "ஏலே, வெறும் எல்எல்ஆர வச்சுக்கிட்டுத் தனியா ஓட்டிட்டா வந்தே? கேஸு போடவா?"

"தள்ளிட்டு வந்தேன் சார்."

"அப்ப ஓட்டத் தெரியாது. ஃபெயிலு."

"பின்னால லைசென்ஸ்காரரு இருந்தா ஓட்டலாம்ல சார்? நீங்களே ஏறுங்க."

கூட்டம் பாக்குதேன்னு அவரும் ஏறிட்டாரு. கால் ஊனாம எட்டுப் போட்டான் செபஸ்தி. இன்ஸ்பெக்டர் கண்ண மூடி அவன் இடுப்பக் கட்டிக்கிட்டாரு.

"ஓட்டத் தெரியாதவன் பின்னால ஏன் சார் ஏறுனீங்க?"

மைதானமே சிரிச்சுது.

"டெஸ்ட்டு வண்டியில ரெண்டு பேரு ஏறக்கூடாது. ஃபெயிலு"ன்னு கையெழுத்தப் போட்டாரு இன்ஸ்பெக்டர்.

நீதாம்லே ஜெயிச்சேன்னு எல்லாரும் செபஸ்தி தோள்ல தட்டுனாங்க. வேலை வேற ஆளுக்குப் போயிருச்சு.