பழைய டேங்கின் வாய்

நாமக்கல் பட்டறையில் தீர்த்தகிரியின் பெட்ரோலில் ஓடும் எழுபது வருஷத்து லாரிக்குப் புது டேங்க் தயாராகிவிட்டது. அவர் பழைய வண்டிச் சங்கத்தின் தலைவர். வண்டியைப் பற்றித் தமக்குத் தெரியாதது எதுவுமில்லை என்பது அவருடைய அபிப்பிராயம்.

"பழைய டேங்கோட வாயை அறுத்து இதுல பொருத்து. இப்பவே! நாளைக்குக் கண்காட்சி" என்றார் வெல்டர் ராக்கியப்பனிடம்.

"தண்ணி நெரப்பிக் கழுவாம நெருப்பு வெச்சா வெடிச்சுருமுங்க. உள்ளே பெட்ரோல் ஆவி நிக்கும்."

"காலி டேங்க் எப்படிய்யா வெடிக்கும்? நானே மோந்து பாத்துட்டேன். அறுக்கலைன்னா மொதலாளிகிட்டச் சொல்லி உன் சீட்டைக் கிழிச்சுருவேன்!"

ராக்கியப்பன் கேஸ் கட்டரைக் கையில் எடுத்தான்.

"சரிங்க. அறுக்கறப்ப டேங்க் ஆடக் கூடாதுங்க. ஒண்ணும் ஆகாதுன்னு சொல்றவங்கதான் கட்டிப் புடிச்சுக்கணும், அது எங்க பட்டறை வழக்கம். உக்காருங்க."

விட்டுக்கொடுப்பாரா தலைவர்? வேட்டியை மடித்துக் கட்டி உட்கார்ந்தார். டேங்கை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார்.

ராக்கியப்பன் லைட்டருக்காகச் சட்டைப்பையைத் தடவினான். பிறகு ஏதோ நினைவு வந்தவன்போலக் கேட்டான்: "எதுக்கும் வீட்டுக்கு ஒரு போன் பண்ணிப் பேசிடறீங்களா?"

தலைவரின் பதில் ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

"தம்பி, வாய் வரைக்கும் தண்ணியை நெரப்பு! ரெண்டு தடவை கழுவு! கண்காட்சி அடுத்த வருஷமும் வரும்!"