இருபத்து மூன்றாவது கல்

எண்ணிக்கையைக் கவனமாக வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் ஒன்று குறைந்தால் ஒரு பெண்ணின் ஐந்து வருடப் படிப்பு போய்விடும்.

சேலத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரி. அங்கே நிலவியலில் எம்.எஸ்சி. பட்டம் வாங்க நான்கு வேண்டும். எல்லாத் தாள்களிலும் தேர்ச்சி. முப்பது நாள் மலையிலும் ஓடையிலும் களப்பணி. அதை எழுதிய ஆய்வேடு. நான்காவது விதியை அதன் சொற்களிலேயே தருகிறேன்: "நாற்பது இடங்களில் எடுத்த நாற்பது கல் மாதிரிகளை எண்ணிட்டு ஒப்படைக்க வேண்டும்." கற்கள் இருக்கும் அறையை மாணவர்கள் கல்லறை என்பார்கள்.

தவமணி மூன்றை முடித்துவிட்டாள். நடுவில் கல்யாணம், ஒரு குழந்தை. படிப்பை முடிக்கக் கெடுவான ஐந்தாவது வருடத்தின் கடைசி நாள் வந்துவிட்டது. மாலை ஐந்து மணிக்குள் கற்களை ஒப்படைக்காவிட்டால் பதிவு ரத்து. மறுபடி சேர வழி கிடையாது.

மூன்று மணிக்கு இரண்டு சாக்கில் கற்களைக் கொண்டுவந்தாள். கல்லறையின் காப்பாளர் பொன்னுரங்கம் ஒவ்வொன்றாக எடுத்து வைத்து எண்ணினார். முப்பத்தொன்பது. மறுபடி எண்ணினார். முப்பத்தொன்பதுதான். இருபத்து மூன்றாம் எண் இல்லை.

தவமணி வீட்டுக்குப் போன் செய்தாள். கொழுந்தன் எடுத்தான்.

"வெள்ளை பெயின்ட்ல நம்பர் போட்ட கல்லா அண்ணி? போன மாசம் ஏத்தத்துல வண்டி நின்னுபோச்சு, டயருக்கு முட்டுக் கொடுத்தேன். எடுக்க மறந்துட்டேன், மறுநாள் போய்ப் பார்த்தா காணோம். ஒரு கல்லுக்கா அழறீங்க? நூறு கல்லு கொண்டாறேன்!"

நூறு வந்தும் பயனில்லை. இருபத்து மூன்றை உடைத்தெடுத்த பாறையை வெடி வைத்து ஜல்லியாக்கி இரண்டு வருடமாகிறது. அந்த இடத்தில் இப்போது பள்ளமும் தண்ணீரும்தான். "முடிஞ்சுது அண்ணா" என்று பொன்னுரங்கத்திடம் சொல்லித் தவமணி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கூட வந்த தோழி பெனடிக்டா சும்மா இருக்கவில்லை. சுத்தியலை எடுத்து, இருபத்திரண்டாம் கல்லை ஒரே அடியில் இரண்டாக்கினாள்.

"இதுல ஒண்ணு இருபத்து மூணு. விதியே 'கல் மாதிரி'ன்னுதானே சொல்லுது? கல்லு மாதிரி இருந்தா போதும்டி!"

தவமணி சிரிக்கவில்லை. எண் போட பெனடிக்டா எடுத்த பெயின்ட் டப்பாவைப் பிடுங்கித் தள்ளி வைத்தாள்.

சத்தம் கேட்டு அவளுடைய பேராசிரியர் குலசேகரன் வந்தார். விஷயம் தெரிந்ததும் தம் அறைக்குப் போய் ஒரு சிறிய கண்ணாடித் துண்டைக் கொண்டுவந்தார். நுண்ணோக்கியில் பார்ப்பதற்காக இருபத்து மூன்றாம் கல்லிலிருந்து அறுத்து, மயிரிழையிலும் மெல்லியதாகத் தேய்த்த சீவல் அதில் ஒட்டியிருந்தது. ஓரத்தில் 23 என்று கீறியிருந்தது.

"நாற்பது கல் பெற்றேன்னு எழுதுங்க பொன்னுரங்கம். அந்தக் கல்லை என் கண்ணால பார்த்திருக்கேன். நான் பொறுப்பு."

"பார்த்தது நீங்க சார். பெற்றேன்னு எழுத வேண்டியது நானு" என்று அவர் பேனாவை மூடினார். மணி நான்கு நாற்பது.

தவமணி எழுந்து ஒப்படைப்புப் படிவத்தைத் தன் பக்கம் இழுத்து எழுதினாள். "கல் முப்பத்தொன்பது. 22 இரண்டு துண்டாக உள்ளது, ஒன்றாகவே எண்ணவும். 23ஆம் கல் என்னிடம் இல்லை. அதே பாறையின் சீவல் ஒன்று கண்ணாடியில் உள்ளது." கையெழுத்தின் மேல் கண்ணீர் விழுந்து மை பரவியது.

"உனக்கு நீயே குழி தோண்டிட்டியேடி" என்றாள் பெனடிக்டா.

பொன்னுரங்கம் படிவத்தை வரி வரியாகப் படித்தார்.

தோழி நாற்பது கற்களைக் காட்டினாள். பேராசிரியர் நாற்பது என்று எழுதச் சொன்னார். தவமணி முப்பத்தொன்பது என்று எழுதினாள். இந்த மூவரில் யார் கணக்கு விதிப்படி சரி?

விடை: விதி கேட்டது நாற்பது கற்களை அல்ல, நாற்பது இடங்களின் மாதிரிகளை. எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. தோழி உடைத்த துண்டு கல்தான், ஆனால் இருபத்து மூன்றாம் இடத்துக்கு அது மாதிரி அல்ல. கண்ணாடியில் இருந்தது கல் மாதிரியே தெரியாது, ஆனால் அந்த இடத்துக்கு உலகத்தில் மிஞ்சிய மாதிரி அது ஒன்றுதான். பேராசிரியர் அதைக் கையில் வைத்துக்கொண்டே இல்லாத கல்லைப் பெற்றதாக எழுதச் சொன்னார். தோற்றுவிட்டோம் என்று நினைத்து எழுதியவளின் தாளில்தான் முப்பத்தொன்பதும் ஒன்றும் இருந்தன. பொன்னுரங்கம் அவற்றைக் கூட்டி, "மாதிரி நாற்பது" என்று எழுதிக் கையெழுத்திட்டார். மணி நான்கு ஐம்பத்தாறு. பிறகு இருபத்திரண்டின் இரண்டு துண்டுகளுக்கும் இருபத்து நான்குக்கும் நடுவில் கொஞ்சம் பஞ்சு வைத்து, அதன்மேல் அந்தக் கண்ணாடியை வைத்தார்.