வேப்பிலை கட்டிய வாசல்

முன்னொரு காலத்தில், தாம் போர் செய்வதைக் காட்டிலும் பிறருடைய போரில் நியாயம் சொல்வதையே பெரும்புகழாகக் கருதிய ஐந்து அரசர்கள் இருந்தார்கள். ஐவரும் கூடி அறச்சபை என்று ஒன்றை நிறுவி, ஆண்டுக்கு ஒருவராகத் தலைமை ஏற்று வந்தார்கள். அந்த ஆண்டு தலைமை கோதண்டவர்ம மன்னருக்கு வாய்த்தது. மூன்றாம் மாதமே தலைவலியும் வாய்த்தது.

பேராற்றின் இரு கரையிலும் இரண்டு பாளையங்கள் போரிட்டுக்கொண்டிருந்தன. ஒன்று மேல்கரை, மற்றொன்று கீழ்கரை. எதற்காகச் சண்டை மூண்டது என்பதை இரு தரப்பாரும் மறந்துவிட்டார்கள். யார் தொடங்கியது என்பது மட்டும் இரு தரப்பாருக்கும் நன்றாக நினைவிருந்தது.

இத்தகைய வழக்குகளில் அறச்சபைக்கென்று ஒரு வழக்கம் உண்டு. சபையின் நோட்டக்காரர்கள் ஒவ்வொரு பாளையத்துக்கும் ஒரு கயிறு எடுத்துச் செல்வார்கள். அங்கே நடக்கும் கொடுமையைத் தம் கண்ணால் கண்டால் ஒரு முடிச்சுப் போடுவார்கள். பிறர் சொல்லக் கேட்டதற்கு முடிச்சில்லை. இறுதியில் எந்தக் கயிற்றில் முடிச்சு மிகுதியோ, அந்தப் பாளையமே குற்றவாளி.

அன்று சபையில் இரண்டு கயிறுகளும் விரிக்கப்பட்டன. கீழ்கரைக் கயிற்றில் இருநூற்றுப் பன்னிரண்டு முடிச்சுகள். மேல்கரைக் கயிறோ புதுப்பெண்ணின் பின்னலைப் போல வழவழவென்று கிடந்தது.

"மன்னர் பெருமானே, கயிறுகளே தீர்ப்பை உரைத்துவிட்டன," என்றார் மந்திரி திருமேனிநாதர். "கீழ்கரையைக் கொடியோர் என்று அறிவித்து, அவர்களுடைய பரிசல் துறையை ஓராண்டு மூடிவிடலாம்."

அப்போது முற்றத்தில் மனுக்கொடுக்க நின்றிருந்தவர்களை விலக்கிக்கொண்டு ஒரு பெண் முன்னால் வந்தாள். ஆற்றின் நடுவே இருக்கும் நடுத்திட்டு என்னும் சிற்றூரைச் சேர்ந்தவள், பெயர் காத்தாயி.

"சாமி! எங்க திட்டுக்கு அரிசியும் உப்பும் அந்தத் துறையிலிருந்துதான் பரிசல்ல வருது. அதை மூடிப்புட்டா நாங்க என்ன மண்ணையா திங்கிறது? முப்பத்தேழு வீட்டைக் கொளுத்திட்டானுங்க. மிச்சம் இருக்கிறது எங்க வயிறு மட்டுந்தான்!"

மந்திரி புருவத்தை உயர்த்தினார். "கொளுத்தியது எந்தப் படை?"

"மூஞ்சியில துணியைக் கட்டிட்டு வந்தானுங்க. நான் புள்ளைய இடுக்கிக்கிட்டு ஓடுவேனா, நின்னு எந்த ஊரு என்ன பேருன்னு விசாரிப்பேனா?"

"நடுத்திட்டு எந்தப் பாளையத்திலும் சேராது. ஆகவே அதற்குக் கயிறு இல்லை. கயிறு இல்லாத இடத்தில் முடிச்சும் இல்லை," என்று மந்திரி முடித்துவிட்டார்.

அரசவை விகடனான செவ்வந்தியப்பன் தன் இருக்கையில் நெளிந்தான். எதையும் கேலி செய்துவிட்டுப் போகும் அவனுக்கு அன்று எதைக் கேலி செய்வதென்று தெரியவில்லை. கீழ்கரைக்காரர்கள் நல்லவர்கள் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு முடிச்சும் கண்ணால் கண்டவை. மேல்கரைக்காரர்கள் கெட்டவர்கள் என்று சொல்லவும் வழியில்லை; அவன் அங்கே போனதே இல்லை. ஆனாலும் அந்த வழவழப்பு அவன் கண்ணை உறுத்தியது.

"நோட்டக்காரரே, மேல்கரையில் அவ்வளவு நாளும் தாங்கள் என்னதான் கண்டீர்கள்?" என்று கேட்டான்.

நோட்டக்காரர் மாசிலாமணி நேர்மையான மனிதர். ஆகவே சற்றே கூசினார். "கோட்டை வாசலைக் கண்டேன். வேப்பிலைக் கொத்துக் கட்டியிருந்தார்கள். உள்ளே அம்மை போட்டிருக்கிறதாம். அம்மை கண்ட இடத்துக்குள் அந்நியர் நுழைவது முறையாகாதே. மூன்று மாதமும் வாசலிலேயே காத்திருந்து திரும்பினேன்."

செவ்வந்தியப்பன் தன்னை அறியாமல் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்புக்காகவே பல ஆண்டுகள் காத்திருந்தவர் போல மந்திரி எழுந்தார். விகடனின் ஒரு சொல்லுக்கு மன்னர் பத்து முறை சிரிப்பதும், தம்முடைய பத்துச் சொல்லுக்கு ஒருமுறை கொட்டாவி விடுவதும் அவருக்கு நெடுநாள் எரிச்சல்.

"அறச்சபையின் கயிற்றைப் பார்த்து நகைக்கிறான், பெருமானே! இவனே தீர்ப்புச் சொல்லட்டும். ஆனால் எந்தப் பக்கமும் மயிரிழையும் சாயக்கூடாது. கண்ணால் கண்டதைத் தவிர வேறெதையும் சான்றாகக் கொள்ளக்கூடாது."

மன்னருக்கு யோசனை பிடித்துவிட்டது. கீழ்கரையைத் தண்டிக்கச் சொல்லி ஒரு நட்பரசரிடமிருந்தும், தண்டிக்கக்கூடாதென்று மற்றொரு நட்பரசரிடமிருந்தும் காலையில்தான் ஓலைகள் வந்திருந்தன. எந்த ஓலையை முதலில் படித்தோம் என்பதிலேயே அவருக்குக் குழப்பம்.

"அப்படியே ஆகட்டும். நாளை உச்சிப் பொழுதுக்குள் தீர்ப்பு வேண்டும், செவ்வந்தியப்பா. சாய்ந்தாயோ, மந்திரி சொன்னபடி துறையும் மூடப்படும். நீயும் கழுதைமேல் ஏறி நாட்டைவிட்டுப் போகலாம்."

சபை கலைந்தது. வெளியே மதிலோரம் காத்தாயி அவனை மறித்தாள். "நீங்கதான் நாளைக்குச் சொல்லப்போறீங்களா? யாரு நல்லவன்னு சொல்லுவீங்க?"

"அதுதான் ஆத்தா எனக்கே விளங்கலை. இந்தப் பக்கம் யோசிச்சா அந்தப் பக்கம் நியாயமாத் தெரியுது. அந்தப் பக்கம் திரும்பினா ரெண்டு பக்கமும் அநியாயமாத் தெரியுது."

"யாரு நல்லவனா இருந்தா எனக்கென்ன? பரிசல் வந்தாப் போதும்."

அந்தச் சொல்லைச் சுமந்துகொண்டு அவன் வீதி வீதியாக நடந்தான். கயிற்றைப் பொய் என்றால் முடிச்சுகளுக்குள் இருக்கும் மனிதர்களையும் பொய் என்றதாகும். கயிற்றை மெய் என்றால் கதவைச் சாத்தியவனுக்குப் பரிசு கொடுத்ததாகும். நடந்து நடந்து கால் வலித்ததே தவிரத் தெளிவு பிறக்கவில்லை. கடைசியில், புரியாத வழக்கத்தைப் புரிந்துகொள்ள அதை அப்படியே செய்து பார்ப்பது ஒன்றே வழி என்று எண்ணி, மாசிலாமணியிடம் இரண்டு புதிய கயிறுகளைக் கேட்டு வாங்கினான்.

மறுநாள் உச்சிப் பொழுது. செவ்வந்தியப்பன் இரண்டு கயிறுகளையும் சபை நடுவில் விரித்தான். ஒன்றில் நான்கு முடிச்சுகள். மற்றொன்று வழவழப்பு.

"பெருமானே, வழக்கத்தைக் கற்றுக்கொள்வதற்காக இன்று காலை இந்நகரின் இரண்டு மாளிகைகளுக்குக் கயிற்றோடு சென்றேன். கண்ணால் கண்டதற்கு மட்டுமே முடிச்சுப் போட்டேன். நான் சொன்னால் சாய்ந்துவிட்டேன் என்பார்கள். சட்டம் அறிந்த மந்திரியாரே தீர்ப்புரைக்கட்டும்."

மந்திரிக்கு மீசை துடித்தது. "இதில் ஐயமென்ன? முடிச்சுள்ள கயிற்றுக்கு உரியவன் கொடியவன். வீட்டை மூடி முத்திரை வைக்க வேண்டும். முடிச்சில்லாத கயிற்றுக்கு உரியவர் மாசற்ற உத்தமர்."

"சட்டம் அப்படித்தானே?"

"அணுவளவும் பிசகாது!"

"நன்றி. முடிச்சுள்ள கயிறு நம் மன்னர் பெருமானுடையது."

மன்னர் சிங்காதனத்தில் நிமிர்ந்தார். "என்ன சொன்னாய்?"

"அரண்மனைக் கதவு திறந்திருந்தது, பெருமானே. உள்ளே போய்ப் பார் என்று தாங்களே அனுமதித்தீர்கள். பார்த்தேன். உப்புக் குறைந்ததென்று சமையல்காரன்மேல் தட்டை வீசினீர்கள், ஒரு முடிச்சு. மனுக்கொடுக்க வந்தவர்கள் வெயிலில் நிற்க, தாங்கள் கிளிக்குப் பேசக் கற்றுக்கொடுத்தீர்கள், இரண்டு. சொக்கட்டானில் மகாராணியார் திரும்பிய நேரத்தில் காயை நகர்த்தினீர்கள், மூன்று. அதை மறுத்துச் சத்தியம் செய்தீர்கள், நான்கு."

மன்னர் முகம் சிவந்தது. "மற்றக் கயிறு யாருடையது?"

"மாசற்ற உத்தமரான நம் மந்திரியாருடையது. அவர் வீட்டில் நான் ஒரு குற்றமும் காணவில்லை. எதையுமே காணவில்லை. வாயிற்காவலன் தடுத்துவிட்டான். வாசலில் வேப்பிலைக் கொத்துக் கட்டியிருந்தது."

மன்னர் சட்டென்று சிங்காதனத்தின் மறுகோடிக்கு நகர்ந்தார். அருகிலிருந்த புலவர் ஒருவர் எழுந்து தூணுக்குப் பின்னால் போனார்.

"திருமேனிநாதரே! வீட்டில் அம்மையை வைத்துக்கொண்டா என் காதருகே குனிந்து பேசுகிறீர்?"

"ஐயோ, இல்லை பெருமானே! அம்மையெல்லாம் ஒன்றும் இல்லை!"

"அப்படியானால் வேப்பிலை எதற்கு?"

"இவன்... இந்த விகடன் கயிறு வாங்கினானென்று கேள்விப்பட்டேன்; வந்து எதையாவது துருவுவானென்று..." என்று தொடங்கிய மந்திரி, தாம் சொல்வது தம் காதிலேயே விழுந்ததும் நிறுத்திக்கொண்டார்.

மன்னருக்கு முதலில் கோபமா சிரிப்பா என்று தெரியவில்லை. பிறகு சிரிப்பே வென்றது. தொந்தி குலுங்க, கிரீடம் சரியச் சிரித்தார். சிரித்துக்கொண்டே, "அடே, அப்படியானால் மேல்கரையில் மூன்று மாதமாக அம்மை போட்டவர்கள்தாம் வாரந்தோறும் ஆற்றைக் கடந்து வந்து சண்டை போடுகிறார்களா?" என்றார்.

மந்திரி விட்டுவிடவில்லை. "அப்படியென்றால் கீழ்கரையின் முடிச்சுகள் பொய்யா? அவர்களை விட்டுவிடச் சொல்கிறானா?"

செவ்வந்தியப்பன் மன்னர் பக்கம் திரும்பினான். நேற்று முழுதும் அவனைச் சுற்றியடித்த கேள்வி அதுதான். "பெருமானே, தங்களுடைய நான்கு முடிச்சுகளும் பொய்யா?"

மன்னர் சிரிப்பை அடக்கினார். மகாராணியார் இருக்கும் திரையைக் கடைக்கண்ணால் பார்த்தார். "மெய்தான்," என்றார் தாழ்ந்த குரலில்.

"அவர்களுடையவையும் மெய்தான். மந்திரியார் வேப்பிலை கட்டியதால் தாங்கள் நல்லவராகிவிடவில்லை. கீழ்கரைத் தலைவன் இருநூற்றுப் பன்னிரண்டுக்கும் பதில் சொல்லட்டும். மேல்கரைக்கோ நம்மிடம் கயிறே இல்லை. வாசல்வரை போய்த் திரும்பியதைக் கயிறு என்று சொல்ல முடியாது. அந்தக் கதவு திறக்கும்வரை யார் அதிகம் கொடியவர் என்பது எனக்குத் தெரியாது. தெரியாது என்பதே என் தீர்ப்பு. அது எந்தப் பக்கமும் சாயவில்லை என்று நம்புகிறேன்."

"துறை?"

"பரிசல் எந்த வீட்டையும் கொளுத்தியதாக நான் காணவில்லை, பெருமானே."

மன்னர் மறுபடியும் சிரித்தார். துறை திறந்தே இருக்கும் என்று அங்கேயே ஆணை பிறந்தது. மேல்கரைக் கோட்டைக்கு மாசிலாமணியோடு, அம்மை பார்க்கத் தெரிந்த மருத்துவச்சிகள் இருபது பேரையும் அனுப்ப ஏற்பாடாயிற்று. அந்தக் குழுவின் தலைமை மந்திரிக்குக் கொடுக்கப்பட்டது. வேப்பிலையின் நெளிவுசுளிவு அவருக்குத்தானே தெரியும்! பிறகு மன்னர் தம் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி விகடனுக்கு அணிவித்தார்.

"வேறென்ன வேண்டும், கேள்!"

"ஒரு கயிறு, பெருமானே. புதியதாக."

அதை வாங்கிக்கொண்டு அவன் முற்றத்துக்கு இறங்கினான். பரிசலுக்கு நேரமாகிறதென்று மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டிருந்த காத்தாயியின் கையில் கொடுத்தான். அவள் கயிற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது எந்தப் பக்கத்துக் கயிறு சாமி?"

சபையில் மன்னர் இன்னும் சிரிக்கும் ஓசை கேட்டது.

"தெரியலை ஆத்தா," என்றான். "நீ முதல்ல முடிச்சைப் போடு."

அவள் மூட்டையைக் கீழே இறக்கி, அதன்மேல் உட்கார்ந்து, எரிந்துபோன முதல் வீட்டிலிருந்து முடிச்சுப் போடத் தொடங்கினாள்.