கருப்பன் காலடியில் உறங்கிய ஜீப்

கதை முடிந்ததும் ஒரு கேள்வி கேட்பேன். பதில் சொல்லாமல் நழுவிவிடலாம் என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம், எனக்கு வருத்தமில்லை.

மலைமேல் ஊசிக்காடு என்று ஓர் ஊர். ஊருக்கு இருந்தது ஒரே ஒரு ஜீப், தவசி என்பவனுடையது. ரேஷன் அரிசி மேலே ஏறுவதும், காப்பி மூட்டையும் காய்ச்சல்காரர்களும் கீழே இறங்குவதும் அதில்தான். ரோடு என்று பெயருக்குக்கூட ஒன்று கிடையாது. பாறையும் சேறுமான தடத்தில் நான்கு சக்கரமும் சேர்ந்து இழுத்தால்தான் வண்டி நகரும். பொழுது சாய்ந்ததும் ஜீப் கடைசி நடையாக இறங்கி, அடிவாரத்துக் கருப்பசாமி கோயில் முன்னால் போய் நின்றுவிடும். தவசியும் அதிலேயே படுத்துக்கொள்வான். அவன் அப்பன் காலத்திலிருந்தே அப்படித்தான். வண்டி கருப்பன் காலடியில் உறங்கினால்தான் மறுநாள் சக்கரம் சறுக்காது என்று ஊரே நம்பியது.

ஜீப்புக்கோ வயதாகிவிட்டது. ஏற்றத்தில் பாதி வழியிலேயே மூச்சு வாங்கும். பின்னால் ஓடிவரும் ஆள் சக்கரத்துக்குக் கட்டை போட்டுப் பிடித்துக்கொள்ள, கொஞ்சம் ஆறவிட்டு, மறுபடி முக்கி முனகி ஏறும்.

போன வருஷம் ஐப்பசி அடைமழையில் தவசியின் மனைவி செல்லத்தாய்க்கு வலி கண்டது. யாரோ சிக்னல் கிடைக்கும் பாறைமேல் ஏறிப் போன் போட, கோயில் வாசலில் கிடந்த தவசி அலறியடித்து வண்டியை எடுத்தான். ஆனைச்சறுக்கு வளைவில் எஞ்சின் நின்றது. நின்றது நின்றதுதான். ஊரார் அவளைத் தொட்டில் கட்டித் தூக்கிக்கொண்டு நடந்தே இறங்கினார்கள். அவள் பிழைத்தாள், பிள்ளை பிழைக்கவில்லை.

இந்த வருஷமும் ஐப்பசி வந்துவிட்டது. செல்லத்தாய்க்கு நிறைமாதம். தவசிக்குச் சோறு இறங்கவில்லை, ஏன் என்று இப்போது புரிகிறதா? அவளை முன்னதாகவே கீழே கொண்டுபோய் வைக்கக் கூடாதா என்று நீங்கள் கேட்பீர்கள். அவள் அண்ணன் சுருளியும் அதைத்தான் கேட்டான். ஆனால் அவள் மாமியார் கால் முறிந்து படுக்கையில் கிடந்தாள். பிள்ளை பெறும் நாலு நாளைக்கு அக்கம்பக்கம் கஞ்சி ஊற்றும், மாசக்கணக்கில் யார் ஊற்றுவார்கள்? செல்லத்தாய் அசையவில்லை.

தவசி ஜீப்பை மெக்கானிக் அந்தோணியிடம் காட்டினான். அந்தோணி வண்டிக்கு அடியில் புகுந்து புரண்டுவிட்டு வெளியே வந்தான்.

"பிரேக்கும் கியரும் சுத்தம். போன மாசந்தானே மாத்திக் குடுத்தேன். எஞ்சின்தான் போயிருச்சு. எறக்கிப் பிரிச்சுப்போட்டா புதுசாட்டம் ஆக்கிரலாம். ஆனா சாமான் வெளியூர்லேருந்து வரணும். எப்பத் தருவேன்னு மட்டும் கேக்காத."

சுருளி அதைக் கேட்டுச் சிரித்தான். "செத்த எஞ்சினுக்கு எதுக்கு மாப்ள வைத்தியம்? இத வந்த வெலைக்குத் தள்ளிவிட்டுட்டுப் புது வண்டி எடுப்போம், நான் கூட நிக்கிறேன். கார்த்திகை பொறந்ததும் கைக்கு வந்துரும்."

கார்த்திகை வரைக்கும் வயிற்றுப் பிள்ளை காத்திருக்குமா? அட, அதை யாரிடம் போய்க் கேட்பது! காலையில் அந்தோணி சொன்னதே சரி என்பான் தவசி. மத்தியானம் மச்சான் சொன்னதே சரி என்பான். சாயங்காலம் இரண்டிலும் பயம் வந்துவிடும். 

கடைசியில் ஒரு நாள் அரிசி மூட்டையோடு மேலே வந்தவன் மனைவியிடமே கேட்டான். "நாளைக்கு வண்டிய அந்தோணியண்ணன்கிட்ட விடுறதா, ஒங்கண்ணன் சொல்ற மாதிரித் தள்ளிவிடுறதா? நீயே சொல்லு. எனக்கு ஒண்ணும் ஓட மாட்டேங்குது."

அவள் மூட்டைகளை இறக்கும்வரை காத்திருந்தாள். வண்டியைத் திருப்பித் தடத்தைப் பார்த்தபடி நிறுத்தச் சொன்னாள். முன்சக்கரங்களுக்குக் கட்டை வைக்கச் சொன்னாள். பிறகு சாவியை உருவி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"எனக்கு வலி எடுக்குற வரைக்கும் வண்டி இந்த எடத்த விட்டு நகரக்கூடாது. அதுவரைக்கும் மூட்டையெல்லாம் கழுதையில போகட்டும்."

"பைத்தியமாடி ஒனக்கு? கருப்பன் காலடிக்குப் போகாட்டி என்ன ஆகும் தெரியுமா?"

"ஏன், கருப்பனுக்கு மலையேறத் தெரியாதா? மேல வந்து காவல் இருக்கட்டும்."

போனில் சுருளி கத்தினான், அந்தோணி தலையில் அடித்துக்கொண்டான். பிள்ளையைப் பறிகொடுத்தவள், புத்தி பேதலித்துவிட்டது என்று ஊரார் காதோடு காதாகப் பேசினார்கள். தவசி வாசலில் நிற்கும் வண்டியையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இப்போது என் கேள்வி. பழுது பார் என்ற அந்தோணியா, மாற்று என்ற சுருளியா, இரண்டும் வேண்டாம் என்று சாவியை முடிந்துகொண்ட செல்லத்தாயா, இந்த மூவரில் யார் செய்தது சரி? அவசரப்படாதீர்கள். போன வருஷம் ஜீப் எங்கே போகும்போது நின்றது என்பதை ஒரு தடவை யோசித்துவிட்டு வாயைத் திறங்கள்.

விடை: செல்லத்தாய்தான். அந்த ஜீப் ஏறும்போதுதான் நிற்கும், இறங்கும்போது ஒரு நாளும் நின்றதில்லை. ஆஸ்பத்திரி கீழே, அவள் மேலே. அவளுக்கு வேண்டியது இறங்குகிற வண்டி. அதற்குப் பிரேக்கும் கியரும் போதும், இரண்டும் சுத்தம் என்று அந்தோணி வாயாலேயே சொன்னான். புது வண்டியே வந்திருந்தாலும் அதுவும் கருப்பன் காலடியில்தான் உறங்கியிருக்கும், மழையில் ஏறித்தான் வரவேண்டியிருக்கும். வண்டி படுக்கும் இடத்தை மாற்ற வேண்டும் என்று அவள் ஒருத்திக்குத்தான் தோன்றியது. மழை கொட்டிய ஒரு விடியலில் வலி எடுத்தது. அவள் சாவியை அவிழ்த்துக் கொடுத்தாள், கட்டையை எடுத்தார்கள், ஜீப் இறங்கியது. ஆனைச்சறுக்கில் தவசிக்குக் கண் இருட்டியது. "தடத்தப் பாத்து ஓட்டுங்க!" என்று பின்னாலிருந்து அதட்டினாள் அவள். பெண் குழந்தை பிறந்தது, வீறிட்டு அழுதது. அதற்குப் பிறகுதான் சாவி ஞாபகம் வந்து முந்தானையைத் தடவிப் பார்த்தாள். வலியில் அவிழ்த்துக் கொடுத்ததே மறந்திருந்தது, சாவி வண்டியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. "இப்பப் போய் நீங்களும் எங்கண்ணனும் அந்தோணியண்ணனும் சாவகாசமாச் சண்ட போடுங்க" என்றாள்.